ஐந்தாவது டம்ளர்

நவ. 6, சனி

மழை. நாலாம் நாள். விடியும்போது சமையலறைச் சுவர் விழுந்துவிட்டது. சத்தம் கூடப் பெரிதாக இல்லை, பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. போய்ப் பார்த்தால் அடுப்பு, உப்பு ஜாடி, மாலாவின் ஒற்றைச் செருப்பு எல்லாம் மண்ணுக்குள்ளே.

போனவை:
மரத்தூள் அடுப்பு (நசுங்கல்)
மரத்தூள் மூட்டை 2 (ஊறிக் கல்லாகிவிட்டது)
பருப்பு டப்பா
என் பொறுமை

இந்த டைரி போன வருஷத்தது. இவர் கம்பெனியில் கொடுத்தது. கிழமையெல்லாம் தப்பு, அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கிறது. இத்தனை நாள் மாலா பொம்மை வரைந்துகொண்டிருந்தாள். இனி நான். சுவர் விழுந்த வீட்டில் வேறென்ன வேலை.

வீட்டுக்காரர் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "மழ உடட்டும்மா, கொத்தனார இட்டுக்கினு வரேன்." எப்போது விடும் என்று கேட்டால் வானத்தைப் பார்க்கிறார். ஆரணி ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டதாம். ரேடியோவில் இன்னொரு புயல் சின்னம்.

இவருக்கு என்னவோ குஷி. "ஒரு வாரம் ஓட்டல்ல துன்னுக்கினு இருக்கலாம். நீயும் ரெஸ்ட் எடு விஜயா." கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் எனக்கு ரெஸ்ட் கொடுத்தது ஒரு மண்சுவர்தான்.

சாயங்காலம் நாலு பேரும் ரயிலடி ஓட்டல். ஒரே குடை. மாலாவுக்கு எட்டு வயசு, பெரிய மனுஷி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குப்புவுக்கு நாலு. இவர் தோளில் ஏறிக்கொண்டான்.

அங்கே மூன்று பேமிலி ரூம். ரூம் என்பது பேருக்குத்தான், பலகைத் தடுப்பு. ஒரு மேசை, இரண்டு பெஞ்சு. வாசலில் தலை மறைகிற உயரத்துக்கு இரட்டைக் கதவு. கீழே முழங்கால் அளவுக்குத் திறப்பு. சர்வர் சீனு, சூலூர்பேட்டைக்காரர், கதவைத் திறந்து ஆளைப் பார்ப்பதில்லை. பெண்டுகள் உட்காரும் இடத்தில் சடக்கென்று தலையை நீட்டக் கூடாது என்று முதலாளி உத்தரவாம். தூரத்தில் நின்று குனிந்து கதவுக்குக் கீழே கால்களை எண்ணுகிறார். எத்தனை பேரோ அத்தனை டம்ளர் தண்ணீர். அதற்கப்புறம்தான் குரல் கொடுத்து உள்ளே வருவது. நல்ல ஏற்பாடு.

எங்களுக்கு ஐந்து டம்ளர் வந்தது.

"நாலு பேர்தாண்ணா."

"மழ இருட்டும்மா, தப்பா எண்ணிட்டேன்." ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

குப்பு இரண்டு இட்லி தின்றான்! எழுதி வைக்க வேண்டிய சமாசாரம். நாலு வயசுக்கு ரெண்டு வயசு உடம்பு அவனுக்கு. வீட்டில் அரை இட்லிக்குத் தெரு முழுக்கப் பின்னால் ஓட வேண்டும்.

சுவர் ஓரமாக உட்காரச் சொன்னால் மட்டும் கேட்கவில்லை. சுவருக்கும் தனக்கும் நடுவே இடம் விட்டான். என்னை இடித்து இடித்துத் தள்ளி, நான் பெஞ்சில் பாதி, அந்தரத்தில் பாதி. வீட்டிலும் ராஜா, ஓட்டலிலும் ராஜா.

நவ. 7, ஞாயிறு

மழை. துணி ஒன்றும் காயவில்லை. எல்லாவற்றிலும் நாய் வாடை.

காலை நாஷ்டாவுக்கு ஓட்டல். மறுபடி ஐந்து டம்ளர். இவர் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சீனு, கண்ணாடி போடு நைனா."

"சத்தியமா பத்து காலு இருந்துச்சு சார்."

"பத்து காலா? பூரான் எதுனா பூந்துக்கிச்சா?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். சீனு மட்டும் குனிந்து மேசைக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

குப்பு இன்றைக்கும் நன்றாகத் தின்றான். பொங்கல் ஒரு தட்டு. என் கையால் ஊட்டப் போனால் தலையைத் திருப்பிக்கொள்கிறான். சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறக்கிறான், மூடுகிறான், மெல்லுகிறான். தட்டு காலியாகிறது. அவன் கை சுத்தமாக இருந்ததை வீட்டுக்கு வந்து கழுவிவிடும்போதுதான் கவனித்தேன். ஸ்பூனில் தின்றிருப்பான். ஸ்பூன் கொடுத்தார்களா? ஞாபகம் இல்லை.

மாலாவின் செருப்பு இன்னும் கிடைக்கவில்லை. என் செருப்பைப் போட்டுக்கொண்டு வழியெல்லாம் தடுக்கி விழுகிறாள்.

நவ. 8, திங்கள், காலை

இவருக்குக் காலை ஷிப்டு. மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகளை நான் மட்டும் கூட்டிக்கொண்டு போனேன்.

மூன்று பேர். நாலு டம்ளர்.

ஒன்றை ஒதுக்கி வைத்தேன். அப்புறம் கேட்காமலே ஒரு தட்டு கேசரி வந்தது. சுடச்சுட, முந்திரியோடு, குப்பு எதிரே.

"கேசரி யாரு கேட்டது?"

"தம்பிக்கும்மா. அவங்கம்மா சொன்னாங்க."

"நான்தான்யா அவங்கம்மா."

சீனு சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நீங்க பெரிம்மான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"எந்த அம்மா சொன்னது உங்கிட்ட?"

"மூஞ்சப் பாக்கலம்மா. கதவுக்கு உள்ளாறந்து கொரலு வந்துச்சு. என் புள்ளைக்குக் கேசரி வையின்னு."

"நான் வாயே தொறக்கலியே."

"கால மட்டும் பாத்தேன். உங்க பக்கத்துல, செவுத்தோரமா. செருப்பு இல்ல. கணுக்காலு வரிக்கும் வெள்ளையா தூசி. ரைஸ்மில்லுல வேல செய்யிறவங்களுக்கு அப்டித்தான் இருக்கும்." கொஞ்சம் யோசித்தார். "இந்த மழையில நடந்து வந்த காலு ஈரமே இல்ல, அதான் பேஜாரா கீது."

பொய் எதற்கு, பயம். இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தேன். குப்பு வரமாட்டேன் என்று மேசையைப் பிடித்துக்கொண்டான். கேசரித் தட்டு வழித்து வைத்ததுபோல் காலி.

அதே நாள், மத்தியானம்

பிள்ளைகள் தூங்குகிறார்கள். யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எழுதினால் கொஞ்சம் லேசாகும்.

மாலாவுக்கு முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒன்று. இரண்டும் பையன். ஒருத்தன் நாற்பது நாள். ஒருத்தன் ஏழு மாசம், தவழ ஆரம்பித்திருந்தான். அதனால் குப்பு பிறந்ததும் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இவருக்குச் சொல்லவில்லை. சாமி கிடையாது, பூதம் கிடையாது என்று பேசுகிறவர். எங்கள் கல்யாணத்துக்கே ஐயர் கிடையாது.

செய்ய வேண்டியது இதுதான். பிள்ளையைக் குப்பையில் போட வேண்டும். வேறொருத்தி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது அது அவள் பிள்ளை. ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து நான் வாங்க வேண்டும். குப்பையில் கிடந்து, தவிட்டுக்கு வந்த பிள்ளையை எமன் சீண்ட மாட்டான். பெயரும் அதேதான், குப்பு.

எடுக்க வந்தவள் தேசம்மாக்கா. ரைஸ்மில்லில் தவிடு சலிக்கிற வேலை. புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை. பதினோராம் நாள் காலையில் லைன் வீட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டில் துணி விரித்துப் பிள்ளையைப் போட்டேன். அவள் வந்து வாரி எடுத்தாள். "குப்பையில கெடந்த புள்ள, இது எம்புள்ள" என்று மூன்று தடவை சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை.

தவிடு நான் அல்லவா கொண்டுவர வேண்டும்? அன்றைக்கென்று மூன்று நாளாக மில்லுக்குக் கரண்டு இல்லை. தெருவில் எந்த வீட்டிலும் தவிடு இல்லை. இவர் ஷிப்டு முடிந்து வருகிற நேரம். பார்த்தால் ஊரைக் கூட்டிவிடுவார். என்ன செய்தேன்? அடுப்புக்கு வைத்திருந்த மரத்தூளை முறத்தில் கொட்டினேன். கம்பெனி பேக்கிங் ஷெட்டு மரத்தூள். மேலே பழைய கோணியை உதறிக் கிடைத்த ஒரு பிடி தவிட்டைத் தூவினேன்.

"இந்தா தவிடு, எம்புள்ளைய குடு" என்றேன்.

தேசம்மாக்கா முறத்துக்குள் கையை விட்டு அளைந்தாள். நாள் முழுக்கத் தவிட்டில் கிடக்கிற கைக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தாள். பிள்ளையை என் மடியில் வைத்தாள். "பத்திரமா வச்சிக்கினு இரு விஜயா" என்றாள்.

கடைக்காரியை ஏமாற்றிய மாதிரி எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு கூட வந்தது. இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் வருவாள். அவனை மடியில் போட்டுக்கொண்டு ஏதாவது ஊட்டுவாள். கேசரி என்றால் அவனுக்கு அப்போதே உயிர். அவனுக்கு ஒன்றரை வயசாகும்போது அவளுக்கு மஞ்சள் காமாலை. பத்தே நாள். நல்ல தவிடு ஒரு முறம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். சாவுக்கும் போகவில்லை. குப்புவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் இல்லை.

நவ. 9, செவ்வாய்

ஓட்டலுக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். பன், வாழைப்பழம், பிஸ்கட். குப்பு எதையும் தொடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ரயிலடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மாலாவிடம் சும்மா கேட்பது போல் கேட்டேன். "ஓட்டல்ல நம்ம கூட யாருனா உட்காந்துக்கினு இருந்தாங்களாடி?"

"தெரிலம்மா. ஆனா காலு பத்து இருக்கும். நான் கீழ குனிஞ்சு எண்ணினேன், சர்வர் சொன்னது கரெட்டு." பிஸ்கட்டை நக்கிக்கொண்டே சொல்கிறாள். "என்து, குப்புது மட்டும் தொங்கும். அவங்கது தரையில இருக்கும்."

"ஏண்டி அன்னிக்கே சொல்லல?"

"நீங்கல்லாம் சிரிச்சிக்கினு இருந்தீங்க."

ராத்திரி சோற்றுக்கு என்ன செய்வது என்று இவர் முனகல். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குப்பை, மரத்தூள், கேசரி, எல்லாம். எகிறுவார் என்று நினைத்தேன். மரத்தூளுக்கு மட்டும் சிரித்தார். "கம்பெனி மரத்தூளக் குடுத்தா எம்புள்ளைய வாங்கின? கில்லாடி நீ." அப்புறம், "அந்த சீனு தண்ணி போடுவானா இருக்கும்" என்றார்.

நவ. 10, புதன்

குப்பு நேற்றிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. வேறு வழியில்லாமல் சாயங்காலம் போனோம். இவரும் வந்தார். நிரூபிக்கப் போகிறாராம்.

ஓட்டலில் வழுக்காமல் இருக்கத் தரை முழுக்க மரத்தூள் தூவியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் எல்லா ஓட்டலிலும் தூவுவதுதான். எனக்கு வாசற்படியிலேயே கால் கூசியது.

ஐந்து டம்ளர். இவர் திருப்பிக் கொடுக்கவில்லை. "இருக்கட்டும் வை" என்றார். குப்பு என்னை இடித்துத் தள்ளி இடம் விட்டான். சுவரைப் பார்த்து வாயைத் திறந்தான். மூன்று இட்லி. இவர் முதலில் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தார். அப்புறம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மகன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்ததும் நான் குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் மரத்தூளில் என் செருப்புத் தடம் இரண்டு. இவருடையது இரண்டு. என் தடத்துக்கு அந்தப் பக்கம், குப்புவையும் தாண்டி, சுவரோரம், வெறுங்கால் தடம் இரண்டு. அகலப் பாதம். விரல் ஐந்தும் விரிந்து பதிந்திருக்கிறது. வருகிற தடமும் இல்லை, போகிற தடமும் இல்லை.

"பாருங்க" என்றேன்.

"சர்வர் காலா இருக்கும்."

சீனு காலில் ரப்பர் செருப்பு. இவரும் அதைப் பார்த்தார். ஐந்தாவது டம்ளரை எடுத்துப் பார்த்தார். பாதிதான் தண்ணீர் இருந்தது. அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

கூடூர் பாசஞ்சர் போகிறவரைக்கும் ரயில்வே கேட்டில் நின்றோம். குப்பு தோளில் இருந்தபடி பின்னால் திரும்பி யாருக்கோ கையாட்டினான்.

நவ. 11, வியாழன்

தூறல். மாலா செருப்பு கிடைத்தது, சுவர் மண்ணில். அதற்குள் ஒரு தவளை.

இவர் ஷிப்டு முடிந்து வரும்போது கக்கத்தில் ஒரு மூட்டை. முழுக்க நனைந்திருக்கிறார், மூட்டையை மட்டும் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னாது?"

"தவுடு."

"எதுக்கு?"

"மாட்டுக்கு."

"எந்த மாட்டுக்கு?"

கொஞ்ச நேரம் தலையைத் துவட்டினார். "ஒரு மாடு வாங்கலான்னு பாக்குறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நல்ல தவிடு. கையை விட்டுப் பார்த்தேன். பட்டு மாதிரி, லேசான சூடு. நாலு மில் ஏறி இறங்கியிருக்கிறார்.

நவ. 12, வெள்ளி

தேசம்மாக்கா வந்துகொண்டிருந்ததும் வெள்ளிதானே. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு நாலு பேரும் போனோம். நான் முறத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. கல்லாவில் இருந்தவர் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, எங்க இட்லி புடிக்காம தவுடு கொண்ணாந்துட்டீங்களா?" இவர்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார், "பக்கத்தூட்டு மாட்டுக்கு." இரண்டு நாளில் எத்தனை மாடு.

ஐந்து டம்ளர்.

குப்பு விட்ட இடத்தில் பெஞ்சுமேல் முறத்தை வைத்தேன். அன்றைக்குச் சொன்னதையே சொன்னேன். "தேசம்மாக்கா, இந்தா தவிடு. இது நெஜத் தவிடு. எம்புள்ளைய குடு." மூன்று தடவை. மாலா வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் யாரோ சாம்பார் கேட்டுக் கத்தினார்கள்.

நான் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது தவிட்டின் நடுவே ஒரு கை அளைந்த பள்ளம். குப்புவின் கை அவ்வளவு பெரிது இல்லை.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சீனு காபி கொண்டுவந்தார். கதவுக்கு வெளியே நின்று குனிந்தது தெரிந்தது. உள்ளே வந்தவர் தானாகவே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். "நாலு பேருதான? மறுபடி தப்பா வச்சிட்டேன்."

அப்பாடா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. குப்புவை இழுத்து மடியில் போட்டு முத்தம் கொடுத்தேன். என் பிள்ளை. சுத்தமாக, முறையாக, என் பிள்ளை.

அவன் மடியிலிருந்து இறங்கிச் சுவரோரம் போனான். பெஞ்சைத் தடவிப் பார்த்தான். மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தான். கேசரி சொன்னோம். தொடவில்லை. முறத்தைத் தவிட்டோடு அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

நவ. 13, சனி

வெயில்! கொத்தனார் வந்துவிட்டார். மதில் மேலெல்லாம் துணி.

குப்பு நேற்று மத்தியானத்திலிருந்து ஒரே கேள்வி. "அம்மா எங்க?"

"இதோ இருக்கேன்டா."

என் முகத்தை நன்றாகப் பார்க்கிறான். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி. மறுபடி, "அம்மா எங்க?"

நவ. 15, திங்கள்

சுவர் எழும்பிவிட்டது. புது அடுப்பு. முதல் சமையல் கேசரி, முந்திரி போட்டு, நெய் ஒழுக. மாலா இரண்டு தட்டு. குப்பு வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். தண்ணீர் மட்டும். டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். ஒன்றும் இல்லை, டானிக் கொடுங்கள் என்றார். துப்பிவிட்டான்.

அழும்போது சத்தம் இல்லை இப்போது. என் மடியில்தான் கிடக்கிறான். என் மாரில் முகம் வைத்துக்கொண்டு அம்மா வேண்டும் என்று அழுகிறான். இதை எழுதும்போது கூட.

ஏழு மாசத்தில் போனவனும் கடைசியில் இப்படித்தான் லேசாகிப் போனான். தூக்கினால் துணியைத் தூக்குகிற மாதிரி.

நவ. 16, செவ்வாய்

ஒன்றும் தின்னவில்லை. விலா எண்ணலாம்.

இவர் வேலைக்குப் போகவில்லை. "இன்னா பண்லாம் விஜயா?" என்று என்னைக் கேட்கிறார். எல்லாம் தெரிந்த மனுஷன்.

யோசித்துப் பார்த்தேன். மரத்தூள் கொடுத்தேன் என்று தெரிந்தும் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லையே. நாலு வருஷம் என்னிடம்தானே விட்டு வைத்தாள். அவனுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி இல்லை. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், பசித்தபோது வந்து ஊட்டினாள். வாசலில் நின்றவளை நான்தான் விலை பேசி அனுப்பிவிட்டேன்.

பொறாமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன். இருக்கத்தான் செய்கிறது.

நவ. 17, புதன்

சமையலறை தயார். ஆனாலும் ஓட்டலுக்குப் போனோம். எதற்கு என்று மாலா கூடக் கேட்கவில்லை. இவர் குப்புவைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதே ரூம். தரையைக் கூட்டிவிட்டிருக்கிறார்கள், மரத்தூள் இல்லை. நாலு டம்ளர் வந்தது.

"தேசம்மாக்கா" என்றேன். "தவுட்ட நீயே வச்சிக்க. புள்ள நம்ம ரெண்டு பேருக்கும்தான். எங்கூட்ல இருக்கட்டும், நீ வந்து ஊட்டிட்டுப் போ. எப்ப வேணா வா. நான் கேக்க மாட்டேன்."

ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. குப்பு இவர் தோளில் கண்ணை மூடிக் கிடந்தான்.

சீனுவைக் கூப்பிட்டேன். "அண்ணா, டம்ளர் அஞ்சா வையிங்க."

"நாலு பேருதானம்மா?"

"அஞ்சு."

சீனு இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய் இன்னொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார். ஒரு தட்டு கேசரியும்.

குப்பு கண்ணைத் திறந்தான். சுவர்ப் பக்கம் பார்த்தான். சிரித்தான். இறங்கி வந்து பெஞ்சில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தான்.

அவன் இடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்தேன்.